கண்ணீருக்கு அடைபடாத வாயில்: யூத மறைஞானத்தில் அழுகையும் மன்றாட்டும்

தேடல்வழி (கேள்வி):

வணக்கம். யூதர்களின் மன்றாட்டு மரபைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். பழைய ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதின் பெராகோத் பகுதியில் ரபி எலாசாரின் வாக்காக ஒன்று வருகிறது: ஆலயம் இடிந்த நாள் தொட்டு மன்றாட்டின் வாயில்கள் அடைபட்டுவிட்டன, அவை அடைபட்டாலும் கண்ணீரின் வாயில்கள் அடைபடவில்லை. இதை எடுத்தாளுகிறவர்கள் எல்லோரும் ஆறுதல் மொழியாகவே எடுத்தாளுகிறார்கள். எனக்கு அது ஆறுதலோடு ஒரு கலக்கத்தையும் தந்ததால் இங்கே கேட்கிறேன்.

சொல்லால் செய்யும் மன்றாட்டு நின்றுவிடும் இடத்தைக் கடந்து கண்ணீர் உள்ளே போகிறது என்றால், அந்த வல்லமை அதற்கு எங்கிருந்து வருகிறது? அழுகிறவருடைய தகுதியிலிருந்தா, அழுகையின் உண்மையிலிருந்தா, கேட்கிறவருடைய இரக்கத்திலிருந்தா? யூத மறைஞானமான கபாலாவின் மரபினர் அழுகையை ஒரு பயிற்சியாகவே, அதாவது முயன்று வரவழைத்துக்கொள்ளும் ஒன்றாகவே கைக்கொண்டார்கள் என்றும் படித்தேன். முயன்று வரவழைத்த கண்ணீரை உண்மையான கண்ணீர் என்று எப்படிச் சொல்வது? எனக்கு மிக நெருக்கமான கேள்வி மூன்றாவது. கண்ணீரே வராதவர் என்ன செய்வார்? என் தாயார் மறைந்த பிறகு நெடுங்காலம் என்னால் வேண்டுதல் செய்ய முடிந்தது, அழ முடியவில்லை. அப்படிப்பட்டவருக்கு இரண்டு வாயில்களுமே அடைபட்டவைதானா? மரபு நூல்களை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழஞ்சுவடி (மறுமொழி):

தங்கள் தாயாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். மூன்று கேள்விகளில் முதலாவதை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ரபி எலாசாரின் வாக்கைத் தனியே எடுத்துப் படித்தால் அதன் கனம் தெரியாது. அதே பக்கத்தில், ஆலயம் இடிந்த நாள் முதல் இஸ்ரவேலுக்கும் பரலோகத் தந்தைக்கும் இடையே ஓர் இரும்புச் சுவர் நிற்கிறது என்றும் அவரே சொல்கிறார். உரோமர் 70ஆம் ஆண்டில் எருசலேம் ஆலயத்தை அழித்த பிறகு பலியும் இல்லை, பலிபீடமும் இல்லை, மக்களுக்காகத் தூய இடத்தில் நுழையும் தலைமைக் குருவும் இல்லை என்றான நிலையில், இனி எந்த வழியாக இறைவனை அணுகுவது என்று ஒரு மக்கள் கூட்டமே திகைத்து நின்றது. அந்தத் திகைப்புக்குச் சொல்லப்பட்ட விடைதான் கண்ணீரின் வாயில். அதற்கு அவர் காட்டும் சான்று 39ஆம் சங்கீதம். தன் மன்றாட்டைக் கேட்கும்படியும், கூக்குரலுக்குச் செவிகொடுக்கும்படியும் வேண்டும் பாடகர், கண்ணீரைப் பற்றிப் பேசும்போது மௌனமாயிராதேயும் என்று மட்டுமே வேண்டுகிறார். 11ஆம் நூற்றாண்டின் உரையாசிரியரான ராஷி இந்த இடத்தில் நின்று கவனிக்கிறார்: தன் கண்ணீரைப் பார்க்கும்படி பாடகர் கேட்கவே இல்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே இறைவனின் பார்வையில் இருக்கிறது, அதை ஏற்றருள வேண்டும் என்பது மட்டுமே மீதி. நோயுற்றுக் கிடந்த எசேக்கியா அரசனிடம் ஏசாயா வழியாக வந்த சொல்லும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. உன் மன்றாட்டைக் கேட்டேன், உன் கண்ணீரைக் கண்டேன் என்றார் இறைவன். அவன் ஆயுளில் 15 ஆண்டுகள் கூட்டப்பட்டன.

தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கே மரபு நூல்கள் நம்மைச் சற்றே அதிர வைக்கின்றன என்றே சொல்ல வேண்டும். பாவா மெட்சியா என்னும் தல்மூத் பகுதியில் இதே வாக்கு மறுபடியும் வருகிறது. அங்கே பேசப்படுவது பக்தி அல்ல, சொல்லால் பிறரைப் புண்படுத்துவது. மனைவியைப் புண்படுத்தாதபடி ஒருவர் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அவளுடைய கண்ணீர் விரைவில் வரும், அதற்கான தண்டனையும் விரைவில் வரும் என்கிறார் ராவ் என்னும் தல்மூத் ஆசிரியர். எல்லா வாயில்களும் அடைபட்டாலும் புண்படுத்தப்பட்டவர்களின் வாயில் அடைபடாது என்கிறார் ராவ் ஹிஸ்தா. அப்படியானால் கண்ணீரின் வாயில் முதலில் வழிபடுகிறவருக்குத் திறந்த வாயில் அல்ல, நோகடிக்கப்பட்டவருக்குத் திறந்த வாயில். தொழுதுகொண்டிருக்கும் நானே ஒருவரை அழ வைத்திருந்தால், என் மன்றாட்டை முந்திக்கொண்டு அவருடைய கண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காஸ்தீல் நாட்டில் வெளிப்பட்ட, கபாலாவின் தலையாய நூலான ஸோஹார் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. நாணற்பெட்டியில் அழுதுகொண்டிருந்த குழந்தை மோசேயைப் பார்வோன் மகள் கண்ட வசனத்தை விளக்கும் இடத்தில், கண்ணீரோடு கூடிய மன்றாட்டுக்கு நுழைய முடியாத வாயிலே இல்லை என்று அது கூறுகிறது. அதே பகுதியில்தான் ஏசாவின் கண்ணீரும் பேசப்படுகிறது. தந்தையின் ஆசியை யாக்கோபிடம் இழந்து, எனக்கும் ஓர் ஆசி மிச்சமில்லையா என்று கதறி அழுதானே, அந்த ஏசாவின் கண்ணீர்தான் இஸ்ரவேலை அவனுடைய ஆட்சிக்கு உட்பட்ட சிறையிருப்புக்குள் தள்ளியது என்றும், இஸ்ரவேலர் அழுது மனந்திரும்பும்போது அந்தக் கண்ணீரின் ஆற்றல் தீரும் என்றும் ஸோஹார் சொல்கிறது. பிற்கால யூத எழுத்துகளில் ஏசா என்பது பெரும்பாலும் தங்களை ஒடுக்கிய உரோமையும் அதன் வழிவந்த அரசுகளையும் குறிக்கும் பெயர். பகைவனின் கண்ணீருக்கும் எடை உண்டு என்று, துன்புற்றுக்கொண்டிருந்த ஒரு சமூகம் தன் புனித நூலில் எழுதிவைத்தது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது. ஆகவே தகுதி என்ற விடையை நான் ஏற்க மாட்டேன். கேட்கிறவருடைய இரக்கம் என்ற விடைக்கே நூல்கள் நெருக்கமாக இருக்கின்றன.

ஆனால் எல்லாக் கண்ணீரும் ஒன்றல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. கானான் தேசத்தை வேவு பார்த்தவர்களின் பேச்சைக் கேட்டு மக்கள் இரவு முழுவதும் அழுத கதையைத் தல்மூதின் தாஅனீத் பகுதி நினைவூட்டுகிறது. காரணமின்றி அழுதீர்கள், தலைமுறைதோறும் அழுவதற்கான காரணத்தை இந்த இரவில் வைப்பேன் என்று இறைவன் சொன்னதாகவும், அந்த இரவே ஆவ் மாதம் 9ஆம் நாள் என்றும் அது கூறுகிறது. இரண்டு ஆலயங்களின் அழிவையும் யூதர் நினைவுகூரும் துக்க நாள் அதுதான்.

நள்ளிரவு ஏடு (மறுமொழி):

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முயன்று அழுவது உண்மையா என்ற ஐயம் சஃபேத் நகரத்து ஞானிகளைப் படிக்கும் யாருக்கும் எழும்.

ஈசாக் லூரியா 1570இல் கலிலேயாவின் சஃபேத்துக்கு வந்து, 1572இல் தம் 38ஆம் வயதில் மறைந்தார். அந்தச் சிறிய காலத்துக்குள் அவரைச் சுற்றி உருவான வட்டம் அழுகைக்கு ஒரு நேரத்தையும் ஒரு முறையையும் வகுத்தது. திக்குன் ஹட்சோத் என்பது அதன் பெயர். நள்ளிரவில் எழுந்து செய்யும் வழிபாடு. அதன் முதல் பகுதிக்கு யாக்கோபின் மனைவி ராகேலின் பெயர். வழிபடுகிறவர் காலணி இல்லாமல் வாசல் நிலைக்கருகே தரையில் அமர்ந்து, பாபிலோன் ஆறுகளருகே அமர்ந்து அழுததைப் பாடும் 137ஆம் சங்கீதத்தையும், 79ஆம் சங்கீதத்தையும், புலம்பல் நூலின் கடைசி அதிகாரத்தையும் ஓதுவார். இரண்டாம் பகுதிக்கு யாக்கோபின் இன்னொரு மனைவி லேயாளின் பெயர். அதில் ஏக்கமும் நம்பிக்கையும் நிறைந்த சங்கீதங்கள் இடம்பெறும். மகிழ்ச்சிக்குரிய நாள்களில் ராகேலின் பகுதி ஓதப்படுவதில்லை.

ராகேல் என்ற பெயர் ஏன்? தன் பிள்ளைகளுக்காக அழுது, தேற்றப்பட மனமில்லாதிருக்கும் தாயாக எரேமியா 31ஆம் அதிகாரம் அவளைக் காட்டுகிறது. கபாலாவில் அவள் ஷெகினாவின் உருவம், அதாவது மக்களோடு உடன் தங்கும் இறைப்பிரசன்னத்தின் உருவம். ஆலயம் இடிந்தபோது ஷெகினாவும் தன் பிள்ளைகளோடு சிறையிருப்புக்குப் போனாள் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. எனவே நள்ளிரவில் தரையில் அமர்ந்து அழுகிறவர் தம் சொந்தக் குறைக்காகக் கண்ணீரை வரவழைக்கவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஓர் அழுகையில் போய்ச் சேர்ந்துகொள்கிறார். தாங்கள் எழுப்பிய ஐயத்துக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்: தன்னை முன்னிட்டு வரவழைக்கும் கண்ணீரில் பாசாங்கு புக இடம் உண்டு, துயருறும் இன்னொருவரின் பக்கத்தில் போய் உட்காருகிறவரிடம், முதலில் கண்கள் வறண்டிருந்தாலும், நடிக்கிறாயா என்று நாம் கேட்பதில்லை.

லூரியாவின் வட்டத்தைச் சேர்ந்த ஆபிரகாம் பெருக்கிம் என்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொரோக்கோவிலிருந்து வந்த இவர் நள்ளிரவில் சஃபேத் தெருக்களில் நடந்து, உறங்குகிறவர்களைக் குரல்கொடுத்து எழுப்பி, ஷெகினாவின் சிறையிருப்பை நினைத்து அழும்படி அழைப்பார் என்று 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட கடிதங்கள் கூறுகின்றன. அவருடைய ஆயுள் முடியப்போகிறது, எருசலேமுக்குப் போய் மேற்குச் சுவரின் முன் கண்ணீர் சிந்தி மன்றாடி ஷெகினாவைக் காணும் பேறு பெற்றால் மேலும் 22 ஆண்டுகள் வாழ்வார் என்று லூரியா அவரிடம் சொன்னாராம். அவர் நோன்பிருந்து போனார். கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் உருவத்தைச் சுவரின் மேல் கண்டார்; தாங்காமல் அலறி அழுது மயங்கி விழுந்தார். அந்த மயக்கத்தில் அவளே அவருடைய கண்ணீரைத் துடைத்து, எரேமியா ராகேலுக்குச் சொன்ன ஆறுதலை அவருக்குச் சொன்னாள். தேற்றப்படாத தாய் தேற்றுகிறவளாக மாறும் இந்தத் திருப்பத்தில்தான் சஃபேத்தின் மறைஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பயனையும் அவர்கள் அழுகையில் கண்டார்கள். படிக்கும்போது ஒரு மறைபொருள் விளங்காமல் நின்றால் கண்கள் நனையும்வரை அழ வேண்டும், கண்ணீரின் வாயில்கள் அடைபடாதவை ஆதலால் மேலான வாயில்கள் திறக்கும் என்று லூரியா கூறியதாகப் பெருக்கிம் பதிவு செய்திருக்கிறார். அழுகை கபாலாவில் அறிவையும் காட்சியையும் பெறுவதற்கான ஒரு வழிமுறையாகவே இருந்தது என்பதை ஆய்வாளர் மோஷே இடெல் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். ஸோஹாரிலும், ஒரு மறைபொருளை வெளிப்படுத்தும் முன் ஞானிகள் அழுவது திரும்பத் திரும்ப வருகிறது. வெளிப்படுத்தினாலும் ஐயோ, வெளிப்படுத்தாவிட்டாலும் ஐயோ என்று சொல்லி ரபி ஷிமோன் அமர்ந்து அழும் இடத்தைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

வடதிசை (மறுமொழி):

மேலே எழுதியவை எல்லாம் சரியே. ஆனால் யூத மரபு முழுவதும் இப்படி அழுகையின் பக்கமே சாய்ந்து நிற்கிறது என்ற எண்ணம் இந்த உரையாடலைப் படிக்கிறவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்று விரும்புகிறேன்.

புத்தாண்டு நாளான ரோஷ் ஹஷானா முதல் பாவப்பரிகார நாளான யோம் கிப்பூர் வரையிலான நாள்களில் அழுகையே வராதவரின் ஆன்மா நிறைவானதல்ல என்ற வாக்கு லூரியாவின் பெயரால் வழங்குகிறது. அதற்கு நேர் எதிராக, வில்னாவின் காவோன் என்று போற்றப்படும் எலியா (1720-1797) ரோஷ் ஹஷானாவில் அழக் கூடாது என்று கொண்டார். அவரும் கபாலாவில் ஆழ்ந்தவரே. அவருக்கு ஆதாரம் நெகேமியா 8ஆம் அதிகாரம்: ஏழாம் மாதம் முதல் நாளில் எஸ்றா திருச்சட்டத்தை வாசிக்கக் கேட்டு மக்கள் அழுதபோது, இந்த நாள் புனிதமானது, அழாதீர்கள், இறைவனின் மகிழ்ச்சியே உங்கள் வலிமை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஓய்வுநாளில் துக்கம் கூடாது என்பதும் சட்டம். ஆனால் சட்ட அறிஞரான கிராக்கோவின் மோசே இஸ்ஸெர்லெஸ், அழுதால்தான் மனத்துன்பம் நீங்கி இளைப்பாறுதல் கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவர் ஓய்வுநாளிலும் அழலாம் என்று 16ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்பு எழுதியிருக்கிறார். இவ்வளவு கனிவான சட்டக் குறிப்பை நான் அரிதாகவே படித்திருக்கிறேன்.

தேடல்வழி:

மூவருக்கும் என் நன்றி. இன்னொருவரின் அழுகையில் போய்ச் சேர்ந்துகொள்வது என்ற விளக்கம் என் இரண்டாவது ஐயத்தைப் பெருமளவு தீர்த்துவிட்டது. ஆனால் லூரியாவின் பெயரால் வழங்கும் அந்த வாக்கு என் மூன்றாவது கேள்வியை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. அழ முடியாத நிலையை இந்த மரபு வெறும் குறையாகத்தான் பார்க்கிறதா?

உட்குரல் (மறுமொழி):

அப்படி மட்டும் பார்க்கவில்லை என்பதற்கு, யூத பக்தி இயக்கமான ஹசிதியத்தின் ஆசிரியர்களைப் படியுங்கள் என்பேன். அவர்கள் துயரத்தை இரண்டாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவு தங்களுக்குப் பயன்படும்.

லியாதியின் ஷ்னேயுர் ஸல்மான் (1745-1812) தம் தான்யா நூலில் சோர்வு ஒன்று, கசப்பு இன்னொன்று என்கிறார். சோர்வில் இதயம் கல்லைப் போல் உயிரற்றுக் கிடக்கும். கசப்பில் இதயம் உடைந்திருந்தாலும் அதில் உயிர்த்துடிப்பு இருக்கும். இறைவனை நோக்கி அசையும் ஆற்றல் இருக்கும். கண்ணீர் வந்ததா இல்லையா என்பது இங்கே அளவுகோல் அல்ல. அழுதுகொண்டே சோர்வில் புதைந்து கிடக்கவும் முடியும். ஒரு துளி கண்ணீர் இல்லாமல் உடைந்த இதயத்தோடு நிற்கவும் முடியும். அழுகை என் இதயத்தின் ஒரு பக்கத்திலும் மகிழ்ச்சி மறு பக்கத்திலும் பதிந்திருக்கின்றன என்று ஸோஹாரில் வரும் வரியை அவர் எடுத்தாள்வதும் இந்தப் பொருளில்தான்.

பிரெஸ்லாவின் நஹ்மான் (1772-1810) இன்னும் நேரடியாகப் பேசுகிறார். ஒவ்வொரு நாளும் தனியே ஓர் இடத்துக்குப் போய், வழிபாட்டு மொழியான எபிரேயத்தில் அல்லாமல், பேசிப் பழகிய தாய்மொழியிலேயே, ஒரு பிள்ளை தந்தையிடம் முறையிடுவதுபோல் இறைவனிடம் மனத்திலுள்ளதைச் சொல்லும்படி அவர் தம் சீடர்களுக்குக் கற்பித்தார். ஹித்போதெதூத் என்பது அதற்குப் பெயர். வாய் திறந்தும் பேச்சு வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் விடை உண்டு. பேச வந்து நிற்பதே மிக நல்லது. பேச முடியவில்லை என்பதையே ஒரு மன்றாட்டாக ஆக்கி அவரிடம் சொல், தொலைவில் நிற்கிறேன், உம்மிடம் பேசவும் என்னால் இயலவில்லை என்று முறையிடு, பேச்சைத் திறந்துவிடும்படி அவரையே வேண்டு என்கிறார். கண்ணீர் வராதவருக்கும் இதே வழி பொருந்தும் என்று நான் கொள்கிறேன். தங்கள் தாயாருக்காக அழ முடியாமல் தாங்கள் நெடுங்காலம் செய்த வேண்டுதலை, பிரெஸ்லாவ் மரபினர் யாரும் வெளியே நின்றவரின் வேண்டுதல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

எக்காளத்தையும் நினைத்துப் பாருங்கள். ரோஷ் ஹஷானாவில் ஊதப்படும் ஷோபார் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தல்மூத் விவாதிக்கும்போது, அது பெருமூச்சைப் போன்றதா, விட்டுவிட்டு விம்முவதைப் போன்றதா என்பதே கேள்வியாகிறது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முன்மாதிரி, போரிலிருந்து திரும்பாத மகனுக்காகச் சன்னலில் காத்திருந்து அழுத, கானானியப் படைத்தலைவன் சிசெராவின் தாய். அவளும் பகைவனின் தாய்தான். சபையில் ஒருவர் ஊதுகிறார். மற்ற அனைவரும் கேட்டாலே கடமை நிறைவேறிவிடுகிறது. அழ முடியாதவருக்காகவும் அந்தக் கொம்பு அழுகிறது என்பது என் தனிப்பட்ட வாசிப்பு. எந்த நூலையும் அதற்குச் சான்றாக நான் காட்டவில்லை.

பழஞ்சுவடி:

நள்ளிரவு ஏடு எழுதியதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தப் பொருளின் நடுப்பகுதியே விடுபட்டுவிடும். இந்த மரபில் மனிதருக்கு முன்பாக அழுகிறவர் இறைவன்.

தல்மூதின் ஹகிகா பகுதி, என் ஆத்துமா மறைவிடங்களில் அழும் என்ற எரேமியா 13ஆம் அதிகார வசனத்தை எடுத்துக்கொண்டு, இறைவன் அழுவதற்கென்றே மறைவான ஓர் இடம் இருக்கிறது என்கிறது. அவருடைய சன்னிதியில் வலிமையும் மகிழ்ச்சியும் மட்டுமே உண்டு என்று வேறொரு வசனம் சொல்கிறதே என்ற எதிர்க்கேள்விக்கு, அழுகை உள்ளறைகளிலும் மகிழ்ச்சி வெளியறைகளிலும் இருக்கிறது என்று விடை தரப்படுகிறது. தம் பிள்ளைகள் துன்பத்தில் இருப்பதை நினைக்கும்போது அவர் பெருங்கடலில் இரண்டு துளி கண்ணீரை விழவிடுகிறார், அதன் ஓசை உலகின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கேட்கிறது என்று பெராகோத் கூறுகிறது. புலம்பல் நூலுக்குப் பழைய ரபிகள் தந்த விளக்கவுரையான மித்ராஷின் முன்னுரையில், நானே அழுகிறேன், நீர் அழ வேண்டாம் என்று மெத்தாத்ரோன் என்னும் தூதன் இறைவனிடம் கெஞ்சுகிறான். என்னை அழ விடாவிட்டால் நீ நுழைய முடியாத இடத்துக்குப் போய் அழுவேன் என்கிறார் அவர்.

இந்த வரிகளை வாழ்ந்து விளக்கியவர் பியாசெச்னோவின் ரபி கலோனிமுஸ் கல்மான் ஷபிரா. 1939 செப்டம்பரில் வார்சா மீது நடந்த குண்டுவீச்சில் மகனையும் மருமகளையும் இழந்த அவர், யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்த வார்சா கெட்டோவுக்குள் இருந்த ஆண்டுகளிலும் வாரந்தோறும் மறையுரை ஆற்றினார். 1942ஆம் ஆண்டு மறையுரை ஒன்றில் ஹகிகாவின் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். தன் துன்பத்துக்காகத் தனியே அழும் அழுகை ஒருவரை உடைத்து, எதையும் செய்ய இயலாதவராக வீழ்த்திவிடலாம். இறைவன் அழும் உள்ளறைக்குள் நுழைந்து அவரோடு சேர்ந்து அழும் அழுகை வலிமை தருகிறது, அந்த வலிமையால் திருச்சட்டத்தைக் கற்கவும் வழிபடவும் முடிகிறது என்பது அவர் தந்த விளக்கம். அவர் 1943இல் கொல்லப்பட்டார். மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்டிருந்த அந்தக் கையெழுத்துப் படிகள் போருக்குப் பின் கண்டெடுக்கப்பட்டு 1960இல் அச்சேறின.

தாங்கள் மேலும் படிக்க விரும்பினால், முதலில் ஹகிகாவின் அந்த ஒரு பக்கத்தையும், பிறகு புலம்பல் மித்ராஷின் முன்னுரையில் ராகேல் இறைவனிடம் வாதாடும் பகுதியையும் படித்துவிட்டு, அதன் பின்னரே வார்சா மறையுரைகளைக் கையில் எடுங்கள். பழைய நூல்களின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஷபிரா எவ்வளவு தொலைவு நடந்திருக்கிறார் என்பது அந்த வரிசையில் படித்தால்தான் புலப்படும்.